கன்னியம்மாள் கேட்ட கூட்டம்

உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்தான் சொன்னார்: "கன்னியம்மா போய்ச் சேந்துட்டாங்க சார். நேத்தே எடுத்துட்டாங்க." நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளில் மானாம்பதிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பஞ்சாயத்து கிளார்க். கூட்டத்தைப் பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது. ஒவ்வொரு முறையும் நோட்டீஸ் ஒட்டுவேன், யாரும் வரமாட்டார்கள். ஒருநாள், களையெடுத்த சேற்றுக்காலோடு கன்னியம்மாள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"உனக்கு இன்னாம்மா இங்க வேல?" என்றார் ஓர் உறுப்பினர்.

"பேச வர்லப்பா. கேக்கத்தான் வந்தேன்."

அதன்பின் ஒரு கூட்டத்தையும் அவர் விட்டதில்லை. முடிந்ததும் தெருமுனையில் காத்திருக்கும் பெண்களிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பார், எந்த உறுப்பினர் தூங்கினார் என்பது வரை. அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கணீர்க் குரல் நினைவிருக்கும்.

ஒரு கோடையில் அவர்கள் தெருவுக்குக் கைபம்பு ஒன்று அனுமதியானது. தலைவர் அதைத் தன் தம்பி வீட்டு வாசலில் போட நினைத்தார். கூட்டத்தன்று கன்னியம்மாள் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே, "கதவ சாத்துய்யா" என்றார். சட்டம் தெரிந்த நான்தான் எழுந்துபோய்த் தாழ் போட்டேன்.

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவர் குரல்: "தம்பி, எழுதறத சத்தமா படி. எங்க தெரு பம்பு எங்க போவுதுன்னு கேட்டுக்கினு போறேன்."

தீர்மானத்தை உறுப்பினர்களுக்குப் படித்துக்காட்டுவது என் வேலை. பள்ளிப் பிள்ளையைப் போல உரக்கப் படித்தேன்.

"எங்களுக்குக் காது கேக்குதுய்யா" என்று தலைவர் முறைத்தார். நான் குரலைக் குறைக்கவில்லை.

உறுப்பினர்கள் கையெழுத்துப் போடுவதற்குள் அந்தத் தெருவே வாசலில் வந்து நின்றது. கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. அத்தனை முகங்களுக்கு முன்னால் அந்தத் தீர்மானத்தைத் தன் வாயால் சொல்லத் தலைவருக்குத் துணிவில்லை. அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொன்னார். பம்பு அவர்கள் தெருவிலேயே இறங்கியது.

மறுநாள் கதவைச் சாத்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். உரக்கப் படித்த பெருமையும் உள்ளூரக் கொஞ்சம் இருந்தது. எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்: "அப்டி தொண்ட கிழிய படிச்சியே தம்பி, கதவ தொறந்து வுட்டிருந்தா மெதுவாவே படிச்சிருக்கலாமே?"

பிறகு சிரித்தார். மோர் கொடுத்து அனுப்பினார்.

பணியில் இருந்த மிச்ச வருடங்களில் கூட்டம் நடக்கையில் நான் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லை. அதற்காகச் சில தலைவர்களிடம் ஏச்சும் வாங்கினேன். கன்னியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அன்று அந்த எருமைக்குப் பக்கத்தில் நின்று பட்ட வெட்கம். அது இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டாம்.