கண்ணாடி வேலை

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு நான் ஒரு சரக்கு வண்டி கடன்பட்டிருந்தேன். வெளிநாடு போகப் பணம் வேண்டும் என்றதும் மாமா தன் சொந்த வண்டியை விற்றுக் கையில் கொடுத்தார். மறுநாளே அதே வண்டிக்குக் கூலி ஓட்டுநராகவும் போனார். இப்படி ஒரு மாமா யாருக்கு வாய்க்கும்?

ஏஜெண்ட் சொன்னது கண்ணாடி வேலை. இரண்டு வருட பர்மிட். எனக்குப் படிப்பு ஏறவில்லையே தவிர மூளை குதிரை மாதிரி ஓடும். மூக்குக்கண்ணாடிக் கடை, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து துடைத்துக் கொடுக்கிற வேலை என்று நானே முடிவுகட்டிவிட்டேன். வீடும் நம்பியது.

"வரும்போது எனக்கு ஒண்ணு எடுத்துட்டு வா மாப்ள. எதிர்ல வர்றது மாடா லாரியான்னே தெரியல" என்றார் மாமா.

இறங்கிய மறுநாள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய ஒரு கட்டிடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"கடை எங்கண்ணே?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"இதாம்ப்பா கடை." விரல் வானத்தைக் காட்டியது. "இதுக்கு மேலேருந்து கீழ வரைக்கும் கண்ணாடி மாட்டணும். பயமா இருந்தா இப்பவே சொல்லிடு. பர்மிட்ட ரத்து பண்ணி நாளைக்கே டிக்கெட் போட்டுடலாம்."

நாளைக்கே டிக்கெட் என்றால் மாமா சாகும்வரை கூலி ஓட்டுநர். "ஏறுறேன்" என்றேன்.

கம்பிவடத்தில் தொங்கும் இரும்பு மேடைக்கு அங்கே தொட்டில் என்று பெயர். அம்மா போட்டதற்கு அப்புறம் எனக்கு அது இரண்டாவது தொட்டில். கூட ஏறியவன் என் வயதுக்காரன், ஒல்லிப்பிச்சான். ஊசி என்று கூப்பிடுவார்கள். மேலே போகப் போக என் கால் வெடவெடத்தது.

"என்ன மச்சான், காலு தந்தி அடிக்குது? யாருக்கு சேதி?" என்றான் ஊசி. "கீழ பாக்காத. கண்ணாடியப் பாரு."

பார்த்தேன். கிரேன் இறக்கிய கண்ணாடி இரண்டு ஆள் உயரம். அதற்குள் வானம் முழுசாக இருந்தது. மேகம் நகர்ந்தது. கடலும் கப்பலும் தெரிந்தன. என் முதுகுக்குப் பின்னால் இத்தனை பெரிய உலகம் இருந்தது எனக்கே தெரியாது. நடுவில் இடுப்புக் கயிற்றோடு ஒருவன் மேகத்தில் நின்றான். அது நான்தான். என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

"கும்பிட்டது போதும்டா, பிடி!"

காற்று உதைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் அதைச் சட்டத்தில் உட்காரவைத்தோம். வானத்தில் ஒரு துண்டை என் கையால் மாட்டியாயிற்று. அதோடு பயம் என் பக்கம் திரும்பவில்லை. பர்மிட்டை மூன்று தடவை புதுப்பித்தார்கள், சும்மாவா புதுப்பிப்பார்கள்? நான் தொட்ட கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்கு மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

ஊர் திரும்பியதும் நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

"எங்கடா என் கண்ணாடி?"

அதை வாங்க மறந்தே போயிருந்தேன். அதற்குப் பதிலாக, நான் கண்ணாடி மாட்டிய கட்டிடத்தைக் கீழேயிருந்து ஊசி எடுத்த போட்டோவை நீட்டினேன். மாமா அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"வானமா? நீ எங்கடா இதுல?"

"மேகத்துக்குள்ள புள்ளியா நிக்கிறேன் பாருங்க."

"அடப்பாவி!" அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

மாமா வெகுநேரம் பார்த்தார். "என் வண்டி இவ்ளோ உசரம் போயிருக்கா!"

வண்டிக்கான பணக்கட்டை எடுத்தேன். "எண்ணி வாங்குங்க மாமா."

"எனக்கு எங்கடா கண்ணு தெரியுது? நீயே எண்ணு."

கையை நீட்டினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தேன்.