சிவகாமி அக்கா கச்சான் மெல்லுவதை நிறுத்திய இடங்கள்

சிவகாமி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி மாணிக்கம் கம்பளைச் சந்தைக்குள் வந்து சொன்ன புதன்கிழமை காலையில், என் வாயிலிருந்து முதலில் வந்தது அழுகை இல்லை. "ஐயையோ, முடிவை இன்னும் சொல்லலையே!" என்றுதான் கத்தினேன். கையில் தராசு வேறு. போஞ்சி வாங்க நின்ற அம்மா ஏதோ கல்யாணப் பேச்சாக்கும் என்று நினைத்து, "மாப்பிள வீட்டுக்கா?" என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரு சினிமாப் படத்தின் முடிவை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள் நடந்ததை எழுதச் சொன்னார்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தையில் தேங்காய் விற்றவர். நான் பக்கத்துக் கடையில் மரக்கறி. தேங்காயைக் காதோரம் பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "இது சட்னிக்கு, இது சொதிக்கு" என்று பிரித்துக் கொடுப்பார். கணவர் காலமான பிறகு தனியாகவே கடையை நடத்தினார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை, புதன்கிழமை மத்தியானம் சந்தை ஓய்ந்ததும் மெட்னி ஷோவுக்குப் போவது. அதுவும் துப்பாக்கி, துரத்தல், ஒளிந்திருக்கும் கொலைகாரன் என்று வருகிற படங்கள் மட்டும்தான். குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டால், "அழுகிறத பாக்க நான் எதுக்குக் கதிரையில போய் உக்காரணும்? சந்தையிலயே பாக்கிறேனே" என்பார்.

என்னை முதன்முதலாகக் கூட்டிப்போன அன்று, திரையில் ஒருவன் துப்பாக்கியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, சுட்டுட்டானா?"

"கண்ண தொறந்து பாரு."

"மாட்டேன்."

"அப்ப எதுக்குடி டிக்கட் எடுத்த? கதிரைக்கா?"

அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் பார்த்தோம். அதாவது அக்கா பார்த்தார், நான் கேட்டேன். கண்ணை மூடியிருந்தாலும் எனக்கு ஒரு வழி இருந்தது. அக்கா மடியில் எப்போதும் ஒரு சுருள் கச்சான், வறுத்த நிலக்கடலை, இருக்கும். அவர் மெல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து இல்லை. நின்றால் ஆபத்து.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு ஆச்சரியம் வந்தது. இருபது பேரை ஒருவன் புரட்டி எடுக்கிறான், கட்டடம் எரிகிறது, ஜீப் பள்ளத்தில் உருள்கிறது, தியேட்டரே விசிலடிக்கிறது. அக்கா மட்டும் அமைதியாக மென்றுகொண்டிருக்கிறார். பிறகு திடீரென்று ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் மெல்லுவது நிற்கும். விரல் இடுக்கால் பார்த்தால், கதாநாயகன் ஒரு பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான். சாவி திரும்பாது. இதிலே என்ன இருக்கிறது?

மறுநாள் சந்தையில் கேட்டேன். அக்கா ஒரு தேங்காயை இடது கையில் ஏந்தி, கத்தியை ஓங்கி, அப்படியே நிறுத்தினார். நானும் நின்றேன். வாங்க வந்தவரும் நின்றார்.

"உள்ளுக்க வெள்ளையா, அழுகலான்னு இப்ப யாருக்கும் தெரியாது. ஒடச்சாச்சுன்னா ஒன்னுமில்ல, வெறும் தேங்காதான். ஓங்கின கை நிக்குது பாரு, அதுக்குத்தான்டி டிக்கட்."

"அப்ப உங்க கடை வாசல்லயே டிக்கட் குடுக்கலாமே அக்கா."

"குடு. நீ கண்ண மூடிக்கிட்டு நிப்ப. ஒனக்கு மட்டும் அரை டிக்கட்."

சண்டையைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் அடிக்கத்தான் வந்திருக்கான், அடிச்சிட்டுப் போகட்டும். தோக்க மாட்டான்னு தெரிஞ்சப்புறம் கச்சான் திங்காம என்ன செய்ய?" என்றார். சரி என்று பட்டது. ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. ஒருமுறை ஒரே படத்துக்கு இரண்டாம் தடவை போனோம். முடிவு அவருக்கு மனப்பாடம். இருந்தும் அதே இடங்களில் மெல்லுவது நின்றது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"தேங்கா போன தடவையே ஒடஞ்சாச்சு. இன்னைக்கு ஏன்கா வாய் நின்னுச்சு?"

அக்கா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அடுத்த புதன்கிழமை வரை அதை மனதில் போட்டு உருட்டியிருக்கிறார். தியேட்டர் வாசலில் குடையை மடக்கியபடி சொன்னார்: "யோசிச்சேன்டி கமலம். கதவுக்குப் பின்னால ஆள் நிக்கிறான்னு நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. பாட்டுப் பாடிக்கிட்டு வாறான். நம்மளால சொல்லவும் முடியல. அதான் நெஞ்ச அடைக்குது. எத்தன தரம் பாத்தாலும் சொல்ல முடியாதுல்ல?"

கடைசியாக நாங்கள் சேர்ந்து போன படத்தில் ஒரு பொலிஸ்காரன், திருட்டுக் கூட்டத்துக்குள் திருடனாகச் சேர்ந்திருந்தான். அவனுடைய பெரியதுரை அனுப்பிய கடிதம் அவன் கோட்டுப் பையில். நல்ல மழை. கூட்டத்தின் தலைவனுக்குக் குளிர் தாங்கவில்லை. இவன் கடிதத்தை மறந்து, தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். தலைவன் அதைப் போட்டுக்கொண்டு, ஜீப்பில் மலை ஏறிக்கொண்டே சுருட்டை வாயில் வைத்து, நெருப்புப்பெட்டியைத் தேடிப் பைக்குள் கையை விட்டான். கச்சான் சத்தம் நின்றது. கரண்டும் நின்றது.

ஒரு மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். கரண்ட் வரவில்லை. பாதி டிக்கட்டைக் கொண்டுவந்தால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தியேட்டர்க்காரர் சொன்னார். அக்கா அதைச் சுருக்குப் பையில் பத்திரப்படுத்தினார். வழியெல்லாம், "கடுதாசி வலது பையா, எடது பையா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார். கண்ணை மூடியிருந்தவளிடம்!

வெள்ளிக்கிழமை, தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை வாட்டுக்கு வெளியே மாணிக்கம் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், டொக்டர் கைவிரித்த விஷயத்தைச் சொன்னார். "அக்காவுக்குச் சொல்லல. நீங்களும் காட்டிக்காதீங்க" என்றார்.

உள்ளே போனேன். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லவும் முடியாது. அக்கா சொன்ன நெஞ்சடைப்பு என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

அக்கா சுருக்குப் பையைத் திறந்து பாதி டிக்கட்டை நீட்டினார். "வியாழக்கிழம படத்த மாத்திடுவான். போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. கண்ண மூடுன, எனக்குத் தெரிஞ்சிரும்."

திங்கட்கிழமை போனேன். தனியாக. மெல்லுவதைக் கேட்க ஆள் இல்லாததால் நானே ஒரு சுருள் வாங்கிக்கொண்டேன். அந்த இடம் வந்ததும் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, கண்ணைத் திறந்து முழுவதையும் பார்த்தேன். விளக்குப் போட்டபோது சுருள் காலி. எப்போது தின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மாணிக்கம் ஒங்கிட்ட என்னமோ சொல்லியிருக்கான். ஒன் மூஞ்சி மறைக்கத் தெரியாத மூஞ்சி. நான் அதக் கேக்கல. படத்தச் சொல்லு. மெதுவா."

சொன்னேன். மழையைச் சொன்னேன், ஜீப்பைச் சொன்னேன். ஓடினால், "எங்க ஓடுற? கை எந்தப் பையில?" என்று பிடித்து இழுத்தார். பக்கத்துக் கட்டிலில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த சிங்கள அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் விரலும் தோலில் அப்படியே நின்றது.

"நெருப்புப்பெட்டி இல்ல. கடுதாசிதான் கையில வருது. நாலா மடிச்சிருக்கு. எல்லாரும் பாக்கிறாங்க. தலைவன் அதப் பிரிக்கிறான்..."

பார்க்க வந்தவர்கள் வெளியேறுவதற்கான மணி அடித்தது.

"இப்பவே சொல்லிடுறேன்கா, ரெண்டு வார்த்ததான்."

"வாய மூடு. முடிவச் சொல்லிட்டா நாளைக்கு நீ எதுக்கு வருவ?"

சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

வியாழக்கிழமை கம்பளையில், வீட்டில் வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். மாணிக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார். என் முறை வந்ததும் ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு அக்காவின் காதோரம் குனிந்தேன். அவசரப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. மெதுவாகச் சொன்னேன்.

"தலைவனுக்கு வாசிக்கத் தெரியாதுக்கா. அது அவன் கூட்டத்துல யாருக்கும் தெரியாது. நம்பிக்கையான ஆள்னு நம்ம பொலிஸ்காரன்கிட்டயே கடுதாசிய நீட்டுறான். வாசிங்கிறான். சுத்தி இருக்கிறவன் எல்லாம் துவக்கோட நிக்கிறான். இவன் கடுதாசியப் பாக்கிறான். பாத்துக்கிட்டே நிக்கிறான். அப்புறம் வாசிக்கிறான்: 'அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, நான் நல்ல சுகம், மழையில நனையாத.' தலைவன் கண் கலங்கிட்டான்கா. கடுதாசிய மடிச்சு அவன் கையில குடுத்து, அம்மாவுக்குப் பதில் போடுங்கிறான். வலது பைதான்கா. நான் கண்ண மூடல."

பின்னால் வரிசை அசையாமல் நின்றது. பறை அடிப்பவர்களும் நிறுத்தியிருந்தார்கள். போய் வாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, அரிசியைப் போடக் கையை விரித்தேன். கையில் அரிசி இல்லை. வாயில் இருந்தது. மாணிக்கம் தட்டை மறுபடி நீட்டினார். இன்னொரு பிடி எடுத்துக்கொண்டேன்.