ஒற்றை ஆள் வண்டி

என் தம்பி எதைக் கேட்டாலும் மரியாதையாகத்தான் கேட்பான். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். "அக்கா, வண்டி சீட்டுக்கு ஒரு உறை தெச்சுக் குடுங்க்கா" என்று பழுப்பு ரெக்சினைக் கொண்டுவந்து நீட்டிய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. குறுக்கு வரிகளாகத் தையல் ஓட வேண்டும் என்று போனில் படம் காட்டினான். அளவைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஆளுதானடா உக்கார முடியும்?" என்றேன். "இது முன்னாடி சீட்டுங்க்கா. பின்னாடி சீட்டு தனி" என்றான். பழைய வண்டிகளுக்கு இரண்டு சீட்டும் தனித்தனியாகத்தானே இருக்கும், நம்பிவிட்டேன். ஒரு வரி கூடக் கோணாமல் தைத்துக் கொடுத்தேன்.

அது அப்பாவின் மோட்டார் சைக்கிள். எஸ்டேட்டில் உதவாது என்று கழித்துவிட்டதை வாங்கி, சாகும்வரை அதில்தான் மிளகும் ஆரஞ்சும் ஏற்காடு பஜாருக்குக் கொண்டுபோனார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் அந்தக் கால் எதிலும் நிற்காமல் வழுக்கும். அப்பா பழைய ஜீப் தகடு ஒன்றை வெட்டி, விளிம்பை மடித்து, சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆக்கி வண்டியின் இடப்பக்கம் பற்றவைக்கச் செய்தார். என் பாதம் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, வண்டியின் அழகே போச்சு என்று சிரித்தாராம். அப்பா பதிலுக்குச் சிரிக்கவில்லை.

செம்மநத்தத்தில் எங்கள் வீடு தார் ரோட்டுக்கு மேலே இருக்கிறது. ரோட்டிலிருந்து வீடுவரை செங்குத்தான செம்மண் மேடு. மழைக்காலத்தில் அப்பா மேட்டடியில் வண்டியை நிறுத்தி, நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். "நல்லா உக்காந்துக்க கண்ணு. நீ இருந்தாத்தான் டயரு மண்ணக் கடிக்கும்" என்பார். ஊரில் எல்லோருக்கும் நான் பாரம். அவர் ஒருவருக்குத்தான் அந்தப் பாரம் தேவைப்பட்டது.

அவர் போனபிறகு வண்டி தம்பி கைக்கு வந்தது. அவனுக்கு ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை. எனக்கு பஸ் ஸ்டாண்டுக்கு அருகே தையல் கடையில், பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் வேலை. மோட்டார் வைத்த மிஷின், ஒரு கால் போதும். அந்தக் கடையில் யாரும் என் காலைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். காலையில் தம்பி என்னை இறக்கிவிட்டுப் போவான், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவான். அந்தப் பின்சீட்டு இருந்ததால்தான் எனக்கு ஒரு வேலை இருந்தது.

லாட்ஜுக்கு பெங்களூர்ப் பையன்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அவர்கள் வண்டிகளைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வண்டி அவனுக்கு எருமையாகத் தெரிய ஆரம்பித்தது. கஃபே ரேசர் என்ற வார்த்தையை அவன் சாமி பேரைச் சொல்வதுபோலச் சொல்வான். பந்தய வண்டி மாதிரி ஹேண்டில் தாழ்ந்திருக்க வேண்டுமாம், பின்பக்கம் நறுக்கென்று முடிய வேண்டுமாம். சேலத்தில் பட்டறையில் விட்டிருக்கிறேன், புதுசாகத் திரும்பி வரும் என்றான்.

வந்தது. டேங்க் கறுப்பாக மின்னியது. ஓட்டுகிறவன் டேங்கின் மேல் கவிழ்ந்து படுக்க வேண்டும். நான் தைத்த சீட்டு, அதன் பின்னால் ஒரு சின்னத் திமில், அதோடு வண்டி தீர்ந்துபோனது. கேரியர் இல்லை, பின் மட்கார்டு இல்லை, சேலை மாட்டாமல் தடுக்கும் கம்பி இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் போய்ப் பார்த்தேன். தட்டு இருந்த இடத்தை வழவழவென்று தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"நான் எங்கடா உக்கார்றது?"

"கஃபே ரேசர்னா ஒத்த சீட்டுதானுங்க்கா. பின்னாடி ஆளு உக்காந்தா லுக்கே போயிருமுங்க."

"அப்ப நான் வேலைக்கு எப்பிடிப் போறது?"

"ரோட்டுல ஷேர் ஜீப்பு வருதில்லீங்க. தையல் நொம்ப நல்லா வந்திருக்குதுங்க்கா, பட்டறையில எல்லாரும் கேட்டாங்க."

அம்மா உள்ளேயிருந்து வந்து அவனுக்கும் வண்டிக்கும் சேர்த்துச் சுற்றிப்போட்டாள். என்னிடம், "ஆம்பளப் பையன் ஆசப்பட்டுட்டான். நீ எதுக்குச் சாமி அந்தக் கால வெச்சுக்கிட்டுத் தெனமும் அலையற? ஊட்டுலயே இருந்துக்க" என்றாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மழையும் பிடித்துக்கொண்டது. மேட்டில் நடந்து இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ரோட்டுக்கு வரும்போது சேலை முழுக்கச் செம்மண். ஜீப்காரர் ஏற இறங்கப் பார்த்து, "சீட்டெல்லாம் சேறாயிருமுங்க, பின்னாடி தொத்திக்கிட்டு நின்னுக்குங்க" என்றார். ஒற்றைக் காலில் எப்படித் தொற்றிக்கொண்டு நிற்பது? அடுத்த ஜீப்புக்குக் காத்திருந்தேன். அதற்குள் என் தம்பி விசிலடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். திமிலை மட்டும்தான் பார்த்தேன். தினமும் நேரம் கழித்துப் போனால் எந்த முதலாளி பொறுப்பார்? "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, அவசர வேல. வேற ஆள வெச்சுட்டனுங்க. உங்க வண்டி சரியானா வாங்க, பாக்கலாம்" என்றார். என் மிஷினில் வேறொருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன.

வீட்டோடு முடங்கிய பிறகு எனக்குக் கிடைத்த ஒரே வேடிக்கை தம்பி மேடு ஏறுவதுதான். ஏறவே முடியவில்லை. அவன் எடை முழுக்க முன்னால் கவிழ்ந்திருந்தது, பின்னால் ஒன்றுமே இல்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. மட்கார்டு இல்லாததால் சேறு எழும்பி அவன் முதுகில் பட்டையாக நாமம் போட்டது. வண்டி இரண்டு தடவை சரிந்து புதுப் பெயிண்ட் உரிந்தது. கீழ்வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, உழவு ஓட்டறீங்களா?" என்று கேட்டார். நான் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். வயிறு குளிரச் சிரித்தேன். அவன் விழும்போதெல்லாம், இன்னொரு தடவை விழட்டும் என்றுதான் இருந்தது.

அவனுக்குக் காரணம் பிடிபடவே இல்லை. அவன் ஓட்டிய காலமெல்லாம் பின்னால் நான் இருந்தேன், தன் திறமையால்தான் வண்டி ஏறுகிறது என்று நினைத்திருந்தான். சேறும் சகதியுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா எப்பிடிங்க்கா ஏத்துனாரு?" என்றான். குரலில் அழுகை இருந்தது.

எனக்காகவே காத்திருந்த கேள்வி. "பின்னாடி பாரம் வேணும்டா. அப்பாவுக்கு நான் இருந்தேன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். என் கையைப் பிடித்து, "கரெக்டுங்க்கா" என்றான். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போதும் இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் போதும். முதலாளியிடம் என்ன சொல்வது, எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவது என்றெல்லாம் யோசித்தேன். அம்மாவிடம்கூட அன்பாகப் பேசினேன்.

அன்று மாலை நல்ல மழை. கீழே வண்டிச் சத்தம் கேட்டது. உறுமியது, கொஞ்சம் இழுத்தது, பிறகு வழுக்காமல் நேராக மேலேறி வாசலில் வந்து நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன், என்னால் முடிந்த ஓட்டம் அது.

திமிலின் மேல் ஒரு கோணிச் சாக்கு, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"நீங்க சொன்னதுதானுங்க்கா, பாரம்!" என்றான். முகமெல்லாம் பல். "மழைக்கு மட்டும் கட்டிக்கலாம், வெயிலடிச்சாக் கழட்டி வெச்சரலாம். லுக்கும் கெடாதுங்க."

சாக்கை இறக்கி என் முன்னால் வைத்தான். பட்டறையில் வண்டியிலிருந்து அறுத்துப்போட்ட இரும்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். சாக்கு ஒரு பக்கம் கிழிந்து, விளிம்பு மடித்த ஒரு தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதம் படிந்து படிந்து நடுவில் துரு இல்லாமல் பளபளத்தது.

"இந்த ஒண்ணுதான் சாக்கக் கிழிக்குதுங்க்கா. கெட்டியா ஒரு தையல் போட்டுக் குடுங்க."

எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கை போனது. எடுத்து என்ன செய்ய, அதில் கால் வைக்க வண்டி வேண்டுமே. அம்மா கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தட்டை உள்ளே தள்ளிவிட்டுத் தைத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு தடவை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.