இடது கைக்கு வந்த கயிறு

“…அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு என்ன தெரியும் அம்மிணி? பொம்பளைக்குக் கயிறு கட்டுனா இடது கைதான். நீட்டு!” என்றாள் அத்தை.

அப்பாவின் அக்கா அவள். கோவிந்தாபுரத்திலிருந்து பஸ் ஏறி, அம்மன் கோயிலில் பூசை வைத்த மஞ்சள் கயிற்றோடு கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். மார்பையும் அக்குளுக்குள் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, தையல் பிரித்திருந்த சமயம். அந்தப் பக்கத்துக் கையில் ஊசி ஆகாது, இறுக்கமான வளையல் ஆகாது, கயிறும் ஆகாது, கை வீங்கிவிடும் என்று மலையாளத்து நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மா நர்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சிப்படி சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைப் பல்லி மாதிரி மேலே நடத்திக்கொண்டிருந்தாள். கை தோளைத் தாண்டவே மறுத்தது. காலண்டர் ஆணியைத் தொட்டே தீருவது என்று அவளுக்கு ஒரு வீம்பு. உதட்டைக் கடிப்பாள், மூச்சு விடுவாள், இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள்.

“வேண்டாம்னு சொல்லலீங்க நங்கையா. வலது கையில கட்டுங்க.” நாத்தனாரை அம்மா நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

“வலது கையில கட்ட நீயென்ன ஆம்பளையா?”

அத்தை குரலை உயர்த்தினால் அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பிவிடுவார். அம்மா சுவரிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

“இந்தக் கை வீங்கிப் போச்சுன்னா எம் புள்ளைக்கு ஆருங்க சடை பின்னறது? நீங்க வந்து பின்னுவீங்களா?”

நான் என் சடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அத்தை பின்னினால் கண்ணிமை மூடாது, அத்தனை இறுக்கம்.

அத்தை, நடுங்கி நடுங்கி ஏறும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைத் தன் இடது மணிக்கட்டிலேயே சுற்றி முடிச்சுப் போட்டாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அம்மாவுக்கென்று வந்த சாமிக் கயிற்றை இவள் சுருட்டிக்கொண்டாளே! ஒருத்திக்காக இன்னொருத்தி கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?

“அது அம்மாவோடதுங்க அத்தை!” என்றேன்.

“ஆரு இல்லீன்னா? தள்ளி நில்லு” என்றவள் சுவரோரம் போய், அம்மாவின் விரல்களுக்கு ஒரு சாண் மேலே தன் இடது உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். “எங்கே, இதைத் தொடு பாக்கலாம் அம்மிணி!”