அரம் கடித்த இரும்பு

ஐயம்பேட்டையைத் தாண்டும்போது வெயில் முதுகில் இருந்தது. கையில் ஒரு துணிமூட்டை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு அரம். அரம் என் சொந்தக் காசில் வாங்கியது. காஞ்சிபுரத்தில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து அதை மட்டும்தான் எடுத்து வந்தேன். வாலாஜாபாத் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஏறவில்லை. கோபமாக இருக்கும்போது என்னால் உட்கார முடியாது.

எல்லாம் ஒரு பழைய காரால் வந்தது. பட்டுக்கடை முதலாளி ஒருவரிடம் அவருடைய அப்பா காலத்து இங்கிலீஷ் கார் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் வந்தால்தான் கல்யாணம் என்று ஊரில் சில வீடுகளில் எண்ணம். அதன் கேம் தேய்ந்துபோயிருந்தது. கேம் என்பது இஞ்சினுக்குள் சுற்றும் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேடும் ஒரு வால்வைத் தூக்கிவிடும். மேடு தேய்ந்தால் வால்வு சரியாகத் திறக்காது. வண்டி இருமும், பாரம் ஏற்றினால் நின்றுவிடும். புதுக் கேம் மெட்ராஸில் தேடியும் கிடைக்கவில்லை.

எங்கள் மேஸ்திரி தேய்ந்த மேடுகளின் மேல் வெல்டிங் வைத்து இரும்பை ஏற்றினார். அதை வடிவத்துக்கு அராவுவது என் வேலை. தேயாமல் மிஞ்சியிருந்த ஒரே ஒரு மேட்டைப் பார்த்துத் தகரத்தில் அச்சு வெட்டினேன். மற்ற ஏழையும் அந்த அச்சுக்குள் வெளிச்சம் தெரியாதபடி உட்காரும்வரை அராவினேன். பதினோரு நாள் ஆயிற்று.

அதோடு பாதி வேலைதான் முடிந்தது. ஏற்றிய இரும்பு மெத்தென்றிருக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மேல்தோலைக் கெட்டியாக்க வேண்டும். அதற்கு மெட்ராஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். மேஸ்திரி சாக்கில் சுற்றி எடுத்துப்போனார். மூன்று நாள் கழித்துக் கறுத்த நிறத்தில் திரும்பக் கொண்டுவந்தார்.

“ஆச்சுபா. கல்லு மாதிரி இருக்குது.”

நான் ஒரே ஒரு தடவை அரத்தை வைத்துப் பார்த்திருக்கலாம். கெட்டி இரும்பில் அரம் வழுக்கும், மெத்து இரும்பைக் கடிக்கும். பார்க்கவில்லை. அத்தனை நாள் மினுக்கிய மேட்டில் கீறல் விழ வேண்டாமே என்று நினைத்தேன். அந்தப் புத்திக்கு என்னை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

நாலே மாதத்தில் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இஞ்சினைப் பிரித்தோம். ஏழு மேடும் மழுங்கிக் கிடந்தன. முதலாளி குனிந்து பார்த்தார். பக்கத்தில் அவருடைய டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது வருஷமாக அந்தக் காரை ஓட்டுகிறவர். கார் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். “ஆயில் பாக்காமயே ஓட்டிக்கினு இருந்திருக்கான் முதலாளி. நம்ம வேலைல ஒரு கொற இல்ல.”

“சத்தியமா தெனம் பாக்கறேங்க” என்றார் டிரைவர்.

“இருவது வருஷமா உனக்கு சோறு போடறேன். நீ இஞ்சினுக்கு ஒரு கரண்டி ஆயில் ஊத்தலியாய்யா?” என்றார் முதலாளி.

நான் அரத்தை எடுத்தேன். “முதலாளி, சரிகை வந்தா இன்னா பண்ணுவீங்க?”

“கீறிப் பாப்பேன். ஏன்?”

“இதையும் பாருங்க.”

பழைய மேட்டில் அரத்தை இழுத்தேன். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. ஏற்றிய மேட்டில் இழுத்தேன். கடித்து நின்றது; வெள்ளைப் பொடி உதிர்ந்தது. முதலாளி அந்தப் பொடியை விரலில் ஒற்றிப் பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு முழம் போலிச் சரிகை ஓட்டியதற்காகப் பழைய நெசவாளி ஒருவரைத் தறியை விட்டு எழுப்பி அனுப்பியவர் அவர்.

“இது மெட்ராஸுக்கே போவல. போயிருந்தா இப்படிக் கடிக்காது” என்றேன்.

அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். இப்போது வெடிப்பார் என்று காத்திருந்தேன்.

“வர்ற முகூர்த்தத்துக்குள்ள வண்டி ஓடுமா, மேஸ்திரி?”

இதுதான் அவர் கேட்டது. அந்த இஞ்சினைத் தொட ஊரில் வேறு ஆள் கிடையாது. அது மேஸ்திரிக்கும் தெரியும்.

“ஓடும். ஆனா இந்த டிரைவரு இருந்தா நான் கைய வைக்க மாட்டேன். இவன்தான் எங்க பையனைத் தூண்டிவுட்டு என்னைக் கேவலப்படுத்தறான்.”

முதலாளி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. டிரைவரிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். சாவியை வாங்கிய கையோடு என்னைப் பார்த்தார். “உனக்குக் கை சுத்தமா இருக்குதுபா. வண்டி ஓட்டுவியா? ரூமும் காலியாவுது.”

மெட்ராஸ் கூலியைத் திருடியவனுக்கு மறுபடியும் வேலை. ஒன்றும் செய்யாதவருக்கு வீடு இல்லை. அந்த வீட்டை அப்போதே எனக்குக் கூலியாக நீட்டுகிறார். “வேணாம்” என்றேன். என் துணியையும் அரத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உன்ன யாருபா வாயத் தொறக்கச் சொன்னது? நாலு வார்த்த திட்டியிருப்பாரு. நான் கால்ல வுழுந்திருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். இருவது வருசம் அப்படித்தான் முடிஞ்சிக்கினு வந்துது.”

ஐயம்பேட்டை ரோட்டில் இறங்கி நடந்தேன். காலில் விழுந்தால் கெட்டியாகிவிடுமா அந்த இரும்பு?

இரவு வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் படுத்தேன். காலையில் தென்னேரிக்கு நடந்தேன். ஏரிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த சமணர் ஒருவர் ஆயில் இஞ்சின் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாக டீக்கடையில் சொன்னார்கள். வரப்பிலேயே அவரைப் பிடித்தேன். கூலியையும் சாப்பாட்டையும் அவராகவே சொன்னார்.

“இதுக்கு முன்னாடி இஞ்சின யாரு பாத்துக்கினு இருந்தாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லபா. இஞ்சின் வந்தே நாலு நாள்தான் ஆவுது. ஏன் கேக்கற?”

“சும்மாதாங்க” என்று சொல்லிவிட்டு டீசல் டின்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனேன். பொழுது சாயும்வரை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும்.