குருசுக்கு அம்மா கேட்ட அர்த்தம்

பெரிய வெள்ளி. திண்டிவனம் கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். சிலுவை, சிரியாக் மொழியிலிருந்து வந்த சொல்லாம். சிலுவையையே குறிக்கும் குருசு, போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததாம். குருசு என்று கேட்டதும் பச்சைச் சவுக்குக் குச்சியின் வாசனை எனக்கு வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. அனந்தபுரம் பக்கம் எங்கள் ஊர். பிறந்த சில நாளிலேயே தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். ஞானஸ்நானம் ஆகவில்லை என்று கல்லறை வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அப்பா இரண்டு சவுக்குக் குச்சிகளைக் குறுக்கே கட்டி அங்கே நட்டார். மறுநாள், சாமியாருக்கு உதவியாக ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் அதைப் பிடுங்கி வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"ஞானஸ்நானம் வாங்காத புள்ளைக்குக் குருசு வைக்கக் கூடாதுப்பா. சாமியாரு என்னியத்தான் கேப்பாரு."

பாயில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"குருசுன்னா என்னாங்க அர்த்தம்?"

"ஆண்டவரு பாடுபட்டு செத்ததுக்கு அடையாளம்மா."

"எம்புள்ளையும் ராவெல்லாம் பாடுபட்டுதாங்க செத்துச்சு."

உபதேசியார் குச்சிகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் பெரிய வெள்ளியில் எல்லோரும் வரிசையாகப் போய்ச் சிலுவையை முத்தமிடும்போது அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. இன்றும் வரிசை நகர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையை நீட்டி, "வாம்மா" என்றேன்.

"நீ போயிட்டு வாடி" என்றாள்.