சத்தம் பார்க்கிற அண்ணி

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியின் டீசல் ஜீப்பை ஓட்டுகிறவன் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டான். ஆனால் அண்ணியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வான். ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற மனுஷி அவள். மலை ஏறுகிற எந்த வண்டியில் என்ன புதுச் சத்தம் வந்தாலும், "சத்தம் பாக்குற அக்காகிட்ட கொண்டு போ" என்பார்கள். இவன் மட்டும் கொண்டுபோக மாட்டான்.

காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கொண்டுபோனபோது, ஆறு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் அவள், "கிளட்ச் என்ன தம்பி, கால் வைக்கிற பலகையா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தான், ஓட்டும்போதெல்லாம் கிளட்ச் மேலேயே காலை வைத்திருப்பது அவன் பழக்கம். ஆனாலும் ஒரு மாதம் அந்த ஆறு பேரும் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

அண்ணி யாரிடமும் போய்த் தொழில் கற்றுக்கொண்டதில்லை. வீட்டுச் சமையலறைக்கும், மெக்கானிக்கான அண்ணனின் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வண்டிகள் அவள் கண்ணில் படவில்லை, காதில் மட்டும் விழுந்தன. அண்ணன் எஞ்சினைப் பிரித்து, மூடி, ஸ்டார்ட் செய்து "சரியாயிடுச்சு" என்று சொல்லும்போதே, சரியாகவில்லை என்று இந்தப் பக்கம் இவளுக்குத் தெரிந்துவிடும். ஏழு வருஷம் அதை மனதுக்குள்ளேயே போட்டுவைத்திருந்தாள். ஒரே வண்டியை அண்ணன் மூன்றாவது முறையாகப் பிரிக்கப் போன அன்று, பொறுக்கமாட்டாமல் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "பாவம் அந்த எஞ்சினை விட்டுடுங்க. சைலன்சர் பைப் எங்கியோ உரசுது, அதைப் பாருங்க."

உரசிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் கௌரவம் பார்க்கிற ஆளில்லை. அந்த வாரமே சமையலறைச் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தான். "கை என்னுது, காது அவளுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் தானாகவே சொன்னான். இப்படிச் சொல்ல எத்தனை ஆண்களுக்கு வாய் வரும்?

அவளுடைய முறையே தனி. வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடமாட்டாள். முதலில் சத்தத்தை வாயால் செய்து காட்ட வேண்டும். வங்கி மேனேஜரானாலும் சரி, போலீஸ் அதிகாரியானாலும் சரி, பட்டறை நடுவில் நின்று "கொடகொட" என்றோ "க்ரீச்" என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டறைக்கு வந்ததும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும், பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன் காதுதான் சாட்சி என்பது அவள் கணக்கு. யார் எப்படிக் கத்தினாலும் சிரிக்கமாட்டாள். "பேரு வேணாம். பேரிங்கு, வால்வுன்னு எனக்குச் சொல்லாதீங்க. சத்தத்தை மட்டும் சொல்லுங்க" என்பாள்.

இந்த அண்ணியிடம்தான் அன்று காலை டிரைவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து நின்றான். அவனாக வரவில்லை. கூட வந்த நர்ஸ் விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மலை உச்சிக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாளில் பெரிய மழை என்கிறார்கள். மழை விழுந்தால் பாதை அவ்வளவுதான். இன்றைக்கே அவளைக் கீழே கொண்டுவர வேண்டும், அந்தப் பாதையில் ஏறுகிற ஒரே வண்டி இந்த ஜீப். ஜீப்போ மூன்று நாளாகச் சத்தம் போடுகிறது. பெரிய ஒர்க்‌ஷாப்பில், "உள்ளே பேரிங் போச்சு. எஞ்சினை இறக்கணும், இருபது நாள் ஆகும்" என்று கையை விரித்துவிட்டார்கள். "மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்றான் டிரைவர். "வழியிலதானே உங்க அண்ணி பட்டறை? காட்டிட்டுப் போவோம். இல்லேன்னா நான் ஏறமாட்டேன்" என்றாள் நர்ஸ்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ம். சொல்லு தம்பி."

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து "டொம்... டொம்... டொம்" என்றான்.

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். "இது யார் சத்தம்?"

"வண்டிச் சத்தம்தான் அண்ணி."

"இல்ல. யாரோ உனக்குச் சொல்லிக்குடுத்த சத்தம். எங்க காட்டினே?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஒர்க்‌ஷாப் மேஸ்திரி நெஞ்சில் தட்டிக் காட்டிய அதே "டொம்"தான் அது. அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அவன் காதுக்கு வண்டியும் அப்படித்தான் கேட்டது. தான் முதலில் கேட்டது எப்படி இருந்தது என்று யோசித்தான். சுத்தமாக ஞாபகம் இல்லை.

அண்ணி நர்ஸ் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. பேரு கீரு ஒண்ணும் காதுல விழலையே?"

"நான் ஒர்க்‌ஷாப்புக்கே போகலக்கா" என்ற நர்ஸ், வெட்கத்தை விட்டு, "கடகட... கடகட... கடகட" என்றாள். "டப்பாவுல கோலிக்குண்டு உருட்டுற மாதிரி. என் பக்கம், முன்னாடி, மேலாக."

"ஆங்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். புருஷனைக் கூப்பிட்டு எஞ்சின் முன்னால் சுற்றுகிற பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். "பெல்ட் இல்லாம ஒரு நிமிஷம் ஓடட்டும். அதுக்கு மேல ஓடினா சூடேறிடும்."

ஸ்டார்ட் செய்தார்கள். சத்தம் இல்லை. எஞ்சின் சுகமாக ஓடியது. டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல! பெல்ட்டை மாட்டுங்கண்ணே, கிளம்புறோம்!"

"இரு." அண்ணி அசையவில்லை. "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. சத்தம் பெல்ட் சுத்துற எதுலயோ இருக்கு. பிரேக் எப்படி இருக்கு உனக்கு?"

"பிரேக்கா? கொஞ்சம் கெட்டியா இருக்கு, மூணு நாளா. அது சும்மா..."

பெல்ட்டை மாட்டி மறுபடி ஓடவிட்டார்கள். "கடகட" வந்துவிட்டது. அண்ணி நீள ஸ்குரூடிரைவரின் முனையை, பெல்ட் சுற்றுகிற டைனமோவின் பின்பக்கம் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினாள். அங்கேயிருந்த ஒரு ரப்பர் குழாயைப் பிடுங்கி, அவன் கையை இழுத்து, பெருவிரலை அதன் வாயில் வைத்தாள்.

"இழுக்குதா?"

"லேசா..."

"விரலைக் கவ்விப் பிடிக்கணும். இதுதான் வேக்குவம் பம்ப். உன் கால் லேசா மிதிச்சா வண்டி நிக்குதே, அது இது காத்தை இழுக்கிறதாலதான். உள்ளே தகடெல்லாம் தேஞ்சு கடகடங்குது. இன்னிக்கோ நாளைக்கோ நின்னுடும். நின்னா பெடல் கல்லு. ஏறும்போது உனக்கு ஒண்ணும் தெரியாது. இறங்கும்போது வளைவுக்கு வளைவு மிதிக்கணும்." பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மூணு பேருடா" என்றாள்.

"நாலு" என்றாள் நர்ஸ்.

எஞ்சின், எஞ்சின் என்று மூன்று நாளாக எஞ்சினுக்காகவே பயந்திருந்தான் டிரைவர். மெதுவாகப் போனால் எஞ்சின் தாங்கும் என்று கணக்குப் போட்டான். காலுக்கடியில் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்ததை அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணியைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பட்டறைக்குப் பின்னால் அதே மாடல் பழைய வண்டி ஒன்று கிடந்தது. அதிலிருந்த பம்ப்பைக் கழற்றி, விரல் வைத்துப் பார்த்தபின், அண்ணன் மாட்டினான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அண்ணி டிரைவரைக் கொண்டு பிரேக் பெடலை இருபது தடவை மிதிக்க வைத்தாள். "இப்ப போ" என்றாள்.

அவன் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பட்டறையில் அதற்குள் இரண்டு டிரைவர்கள் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே கேட்டான்: "அண்ணி, நீங்களும் வாங்களேன். மேலே போயிட்டு இறங்கற வரைக்கும் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே வாங்க. எனக்கு என் காது மேல நம்பிக்கை போயிடுச்சு."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன். அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. உச்சியில் அந்தப் பெண்ணை அண்ணி பக்கத்தில் தலையணை கொடுத்து உட்காரவைத்தார்கள். இறங்கும்போதுதான் அவனுக்கு உயிர் கையில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மிதித்தான், வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. அப்படியும் காது பின்னாலேயே இருந்தது. அண்ணி ஏதாவது சொல்வாள், இதோ சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாயே திறக்கவில்லை. பதினெட்டு வளைவும் முடிந்து, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பியபின்தான் மூச்சு விட்டான்.

"எப்படி அண்ணி, சத்தம் ஏதாவது கேட்டுச்சா?" என்று திரும்பினான்.

அண்ணி அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இறங்க ஆரம்பிச்சப்பவே தூங்கிட்டாங்க" என்றாள் நிறைமாதக்காரி, தாழ்ந்த குரலில். "பாவம், எழுப்பாதீங்க."